நான் இல்லாமல் ஓட வேண்டிய சோதனை

என் வேலை என்னவென்று அம்மாவுக்கு விளக்க நான் எடுத்த முயற்சிகளில் ஒன்றும் உருப்படவில்லை. "ஒருத்தர் செஞ்சதுல இன்னொருத்தர் தப்பு கண்டுபிடிக்கிற வேலைம்மா" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "அதுக்கா சம்பளம் குடுக்கறாங்க? உங்க அத்தை சொம்மாவே செய்யறாளே" என்றாள். அம்மா சொன்னதில் மட்டும் என்னால் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஆரணியில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஆறு பேர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர், எப்போது படுக்கும் என்று தெரியாத ஒரு யுபிஎஸ். முதலாளி பெங்களூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வெளியூர் ஜவுளிக் கடைக்காரர்கள் அவரவர் கடையில் உட்கார்ந்தபடியே ஆரணிப் பட்டுக்கு ஆர்டர் கொடுக்க ஒரு வெப்சைட் போட்டிருந்தார். டிசைன், கலர், எத்தனை புடவை என்று தேர்ந்தெடுத்தால், சரக்கு என்றைக்குப் பார்சல் ஏறும் என்று அது தேதி காட்டும். அதை எழுதிய டெவலப்பர் உள்ளூர் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, என்னைவிட நாலு வயது சின்னவன், என்னை அக்கா என்று கூப்பிடுவான். அவன் எழுதியதைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் நான்.

நான் படவேட்டுக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார்கள். சென்னையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பிறகு கல்யாணமாகி ஆரணிக்கு வந்துவிட்டேன். கணவர் இங்கே ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். ஆரணியில் என் படிப்புக்கு வேலையே கிடைக்காது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது இந்த மாடி கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அந்த வேலை மேல் எனக்கு இருந்த ஆசையை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

ஆனால் வேலை சலிப்பான வேலை. டெவலப்பர் ஒரு எழுத்தை மாற்றினாலும் நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே நுழை, புடவையைத் தேர்ந்தெடு, ஆர்டர் கொடு, ஆர்டரை ரத்து செய், வெளியே வா. இல்லாத ஒரு கடையின் பெயரை எத்தனை தடவை டைப் அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. சில நாள் தூக்கத்தில்கூட அந்தக் கடை முகவரியைச் சொன்னேனாம். என் கணவர் அது யார் கடை என்று காலையில் விசாரித்தார்.

அப்போதுதான் பிரவுசருக்குள் உட்கார்ந்துகொண்டு நாம் அழுத்துவதையெல்லாம் பதிவு செய்கிற ஒரு கருவி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்று படித்தேன். ஒரு முறை செய்து காட்டினால் போதும், பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் அதுவே செய்யும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சைக் கோடு, எங்கேயாவது இடறினால் சிவப்பு. முதல் நாள் அது தானாக அழுத்திக்கொண்டு போவதைப் பார்த்தபோது எனக்குக் கையைத் தட்ட வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதில் சும்மா உட்கார்ந்து டீ குடித்தேன்.

அந்த டீ இறங்குவதற்குள் சந்தோஷம் முடிந்தது. மறுநாள் டெவலப்பர் ஆர்டர் பட்டனை இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கத்துக்கு நகர்த்தினான். மனுஷிக்கு அது ஒரு விஷயமே இல்லை, கண் தேடிப் போய்விடும். பதிவு செய்த கருவிக்கோ, மேலிருந்து மூன்றாவது பெட்டிக்குள் இரண்டாவது பட்டன் என்றுதான் தெரியும். அங்கே பட்டன் இல்லை என்றதும் சிவப்பைக் காட்டிவிட்டு நின்றது. அவன் வாரத்துக்கு இரண்டு தடவை எதையாவது நகர்த்துவான். நான் வாரத்துக்கு இரண்டு தடவை மொத்தத்தையும் மறுபடி பதிவு செய்தேன். கையால் அழுத்துவதைவிட இது கேவலமாக இருந்தது.

"ஒவ்வொரு பட்டனுக்கும் உள்ளுக்குள்ள ஒரு பேர் வெச்சிடு. எங்க நகர்ந்தாலும் பேர் மாறக்கூடாது. நான் பேரை வெச்சு தேடிக்கறேன்" என்றேன்.

"பட்டனுக்கு எதுக்குக்கா பேரு? அது இன்னா ரேஷன் கார்டா வாங்கப் போவுது?" என்றான்.

முறைத்தேன். ஒரு வாரம் டீ வாங்கித் தரவில்லை. பெயர் வைத்தான். அதோடு பதிவு செய்யும் வேலையை விட்டுவிட்டு, படிப்படியாக நானே ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்தேன். இந்தப் பெயருள்ள பட்டனை அழுத்து, அந்தப் பெயருள்ள இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார், இப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் சிவப்பு காட்டு. எழுத நேரம் பிடித்தது, ஆனால் எழுதியது நின்றது.

அடுத்த தலைவலி எங்கள் ஊர் இன்டர்நெட். மழை தூறினால் டெலிபோன் லைன் படுத்துக்கொள்ளும். பக்கம் வந்து சேருவதற்குள் ஸ்கிரிப்ட் பட்டனைத் தேடிப் போய்விடும், காணோம் என்று கத்தும். ஒவ்வொரு இடத்திலும் பத்து விநாடி சும்மா இரு என்று எழுதி வைத்தேன். நல்ல நாளில் அது வெட்டியாகக் காத்திருந்தது, மழை நாளில் அந்தப் பத்து விநாடியும் போதவில்லை. இந்த நேரம்வரை இரு என்று சொல்வதைவிட, பட்டன் கண்ணில் படும்வரை இரு என்று சொல்வதுதான் சரி என்று புரிய எனக்கு ஒரு மழைக்காலம் முழுசாகத் தேவைப்பட்டது. புரிந்த பிறகு பாதிப் பொய்ச் சிவப்பு காணாமல் போனது.

மீதியைக் குறைக்க டெவலப்பரின் உதவி வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் பிரவுசரைத் திறந்துதான் சோதிக்க வேண்டும் என்றில்லை. விலைக் கணக்கு, தள்ளுபடிக் கணக்கு மாதிரியானவற்றை அவன் எழுதும் இடத்திலேயே சின்னச் சின்னச் சோதனைகளாக வைத்துக்கொண்டால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அப்படிச் சின்னது நிறைய அஸ்திவாரம் மாதிரி கீழே இருக்கட்டும், பிரவுசரைத் திறந்து பார்க்கும் பெரியது மேலே கொஞ்சம் போதும் என்றேன். அதெல்லாம் டெஸ்டர் வேலை, என் வேலை இல்லை என்றான். "இட்லி வெந்தப்புறம் உப்பு இல்லன்னு நான் சொன்னா இன்னா பண்ணுவ? மாவுலயே ஒரு சொட்டு நாக்குல வெச்சிப் பாத்துட்டா ஆவாதா?" என்று கேட்டேன். அவன் வீட்டில் இட்லி மாவு கரைப்பது அவன்தான் என்பது எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தான்.

இன்னொரு பழக்கமும் எனக்கு வந்தது. ஒரு சோதனை பல நாள் பச்சையாகவே இருந்தால் எனக்கு அதன்மேல் சந்தேகம் வந்துவிடும். உண்மையாகப் பார்க்கிறதா, பார்ப்பதுபோல் நடிக்கிறதா? ஒரு மத்தியானம் டெவலப்பர் சாப்பிடப் போயிருந்தபோது அவனுடைய தள்ளுபடிக் கணக்கில் கழித்தல் குறியை எடுத்துவிட்டுக் கூட்டல் போட்டேன். இனி கடைக்காரருக்குத் தள்ளுபடி கொடுக்கக் கொடுக்க விலை ஏறும், சோதனை சிவப்பு காட்ட வேண்டும். சோதனையை ஓட்டினேன். பச்சை. நடிப்பது பிடிபட்டதில் எனக்கு ஒரே ஆனந்தம். சாப்பிட்டு வந்தவனுக்கு ஆனந்தம் இல்லை. "நான் எழுதினத நீங்க கெடுத்துட்டு, டெஸ்டு சரியில்லன்னு குதிக்கறீங்க. இது இன்னாக்கா நியாயம்?" என்று மாலைவரை கடுகடுவென்று இருந்தான். ஆனால் மறுநாள் அந்தச் சோதனையைத் திருத்தி எழுதியதும் அவன்தான். அதற்குப் பிறகு அவனே அவ்வப்போது வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்து வைத்துவிட்டு, கண்டுபிடிங்க பார்ப்போம் என்று என்னைச் சீண்டுவான். ஆபீஸ் போக எனக்குப் பிடித்திருந்த நாட்கள் அவை.

அப்படி இருக்கும்போதுதான் நான் உண்டானேன். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர், பாராட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. நல்ல செய்திம்மா என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"மூணு நாலு மாசம் உங்க எடம் காலியா கெடக்க முடியாதுமா. தீபாவளி சீசன், அப்புறம் தை மாசக் கல்யாணம், ரெண்டும் அப்பதான் வருது. நீங்க எழுதினது நீங்க இல்லாம தானா ஓடிச்சுன்னா, திரும்பி வந்து உக்காந்துக்கலாம். ஓடலன்னா நான் வேற ஆள போட்டுக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் வெளியில் சரிங்க சார் என்றேன். ஆறு பேர் கம்பெனியில் சட்டம் பேசினால் அடுத்த நாள் ஐந்து பேர் கம்பெனி ஆகிவிடும். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

"அப்ப நீ இல்லாமயே எல்லாம் நடக்கும்னு நிரூபிச்சா, உனக்கு வேலை நிலைக்கும். அதானே?"

"ஆமா."

"நீ இல்லாமயே நடந்துச்சுன்னா அப்புறம் நீ எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வியை நான் அதுவரை கேட்டுக்கொள்ளவில்லை. அவரை நாலு திட்டு திட்டிவிட்டுப் படுத்தேன். தூக்கம் நன்றாகத்தான் வந்தது, மாசமாக இருக்கும்போது எனக்கு எப்போதும் தூக்கம்தான்.

அடுத்த மாதங்களில் வயிறும் வளர்ந்தது, சோதனைகளும் வளர்ந்தன. தினமும் காலையில் டெவலப்பர் ஆபீஸைத் திறந்ததும் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் தானாக ஓடி முடிக்கும்படி செய்தேன். கடைசியாக மிஞ்சியது தேதி. கடைக்காரர்கள் அந்தப் பக்கத்தில் விலையைவிட முக்கியமாகப் பார்ப்பது அதைத்தான். சரக்கு என்றைக்கு ஏறும் என்பதை நம்பித்தான் அவர்கள் கல்யாண வீட்டுக்கு வாக்குக் கொடுப்பார்கள். நெசவுக்கான பாவு நூல் ஏற்கெனவே தறியில் ஏறியிருக்கும் ஒரு புடவையைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு நாலு நாள் போதும். இன்று ஆர்டர் கொடுத்தால் இன்றிலிருந்து நாலாம் நாள் காட்ட வேண்டும், அவ்வளவுதான் சோதனை. எழுதுவதற்கு முன்னால் டெவலப்பரிடம் கேட்டேன்.

"நடுவுல ஞாயித்துக்கிழமை வந்தா லீவு விடணுமா?"

"ஞாயித்துக்கிழமையெல்லாம் தறி ஓடும்க்கா" என்றான்.

நான் எழுதினேன். பச்சை காட்டியது. அதோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

படவேட்டில் அப்போது செல்போன் சிக்னல் எங்கள் வாசலில் முருங்கை மரத்துப் பக்கம் மட்டும்தான் வரும். டெவலப்பரும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் சோதனை ஓடி முடிந்ததும் அவன் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு மிஸ்டு கால் வந்தால் பச்சை, இரண்டு வந்தால் சிவப்பு. போனை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கிளையில் மாட்டி வைத்திருந்தேன். தினமும் காலையில் நிறைமாத வயிற்றோடு நான் மரத்தடியில் நின்று பையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, தெருவில் போகிறவர்கள் பேய் பிடித்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார்களாம்.

சில வாரம் தினமும் ஒன்றுதான் அடித்தது. எனக்குக் கர்வம் தாங்கவில்லை. பிறகு ஒரு நாள் இரண்டு முறை அடித்தது. மறுநாளும் இரண்டு. நானே கூப்பிட்டேன்.

"தேதி டெஸ்டு மட்டும் செவப்பு காட்டுதுக்கா. ஒரு நாள் கம்மியா கேக்குது உங்க மிஷினு. ஆனா பேஜ்ல தேதி கரெக்டாதான் வருது. நானே வெரல் வுட்டு எண்ணிப் பாத்தேன்."

"கம்ப்யூட்டர்ல இன்னைக்குத் தேதி சரியா ஓடுதா பாரு."

பார்த்தான். சரியாக ஓடியது. வேறு என்னென்னவோ பார்க்கச் சொன்னேன், எல்லாம் சரியாகவே இருந்தன. அதற்குள் தீபாவளி ஆர்டர் குவிய ஆரம்பித்ததால் அவனுக்கு என்னோடு பேச நேரமில்லை. அடுத்த இரண்டு நாளும் சிவப்பு. அதன் பிறகு யாரும் எதையும் தொடாமல் தானாகவே பச்சை ஆகிவிட்டது. தானாகக் கெட்டு, தானாகச் சரியாவதுபோல் ஒரு டெஸ்டரின் தூக்கத்தைக் கெடுப்பது வேறில்லை. எனக்கு அப்போது தூக்கம் கெட வேறு காரணமும் வந்தது. மகள் பிறந்தாள்.

பிள்ளை பிறந்த வீட்டில் மிஸ்டு காலை யார் எண்ணுவார்கள் என்று கேட்கலாம். நான் எண்ணினேன். ஒரு பக்கம் பால் கொடுத்துக்கொண்டே காதை வாசலில் வைத்திருப்பேன். பல நாள் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே வந்தது. தீபாவளி நெருங்கும்போது மறுபடி இரண்டு. மறுநாள் மிஸ்டு கால் வரவில்லை, முதலாளியே கூப்பிட்டார்.

"உங்க மிஷின் சீசன் நேரத்துல பொய் சொல்லிகினு இருக்குமா. அதப் பாத்து ஒரு மத்தியானம் பூரா வீணாப் போச்சு. பேஜ் சரியாதான் இருக்குது. அந்த தேதி டெஸ்ட மட்டும் நிறுத்தச் சொல்லிட்டேன்."

"சார், காரணம் தெரியாம நிறுத்தக் கூடாதுங்க சார்."

"காரணம் தேடறதுக்கு ஆள் வேணும் இல்ல? தீபாவளி முடிஞ்சதும் ஒருத்தரு வர்றாரு. வேலூர்ல வேலை பாத்த ஆளு. நீங்க பொறுமையா கொழந்தையப் பாத்துக்கங்க."

போனைப் பையில் போடக் கை வரவில்லை. வேலை போயிற்று என்று மரத்தடியிலேயே அழுதேன். கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி. பொய் சொல்கிற சோதனை இல்லாத சோதனையைவிட மோசம் என்று டெவலப்பருக்குப் பாடம் நடத்தியதே நான்தான். தீபாவளிக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டேன், முகம் மட்டும் மாறவில்லை. என்னைப் பார்க்க ஸ்வீட்டும் பட்டாசுமாக வந்திருந்த கணவர், வாயைத் திறந்தால் ஆபத்து என்று புரிந்துகொண்டு மகளோடு மட்டும் பேசிவிட்டுப் போனார்.

தீபாவளியை ஒட்டி அமாவாசை வந்தது. சாயங்காலம் அம்மா என்னையும் குழந்தையையும் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, உப்பும் மிளகாயும் சுற்றித் திருஷ்டி கழித்தாள். அப்போதும் என் கண் போன் பையின் மேலேயே இருந்தது. அம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"போன அமாவாசைக்கும் இதே மாதிரிதான் சுத்திப் போட்டேன். அப்பவும் அந்தப் பையப் பாத்துகினு பேஜாராதான் இருந்த. அமாவாசைக்கு அமாவாசை உனுக்கு இன்னாதான் புடிக்குது?"

மிளகாய் நெடியில் இருமிக்கொண்டிருந்தேன். இருமல் நின்ற பிறகுதான் அவள் சொன்னது எனக்குள் இறங்கியது. போன தடவை சிவப்பு வந்ததும் அமாவாசையை ஒட்டிய நாட்களில்தான். இந்தத் தடவையும் அப்படித்தான். உள்ளே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு மாசத்திலும் அமாவாசையைக் குறிக்கும் கறுப்பு வட்டம் இருந்தது, அதற்கு முந்தைய நாலு நாளுக்குள்தான் என் சிவப்பெல்லாம். கைக்குழந்தையோடு முருங்கை மரத்தடிக்கு ஓடினேன். பச்சை உடம்போடு எங்கே ஓடுகிறாய் என்று அம்மா பின்னாலேயே வந்தாள்.

"அமாவாசைக்கு தறி ஓடாதா?" என்று டெவலப்பரிடம் கேட்டேன்.

"அதெப்படிக்கா ஓடும்? அமாவாசைன்னா லீவு. ஊருக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியாதேடா!"

எங்கள் ஊரில் அமாவாசைக்குக் கோயிலில் கூட்டம் இருக்கும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவார்கள், ஆனால் களை எடுக்கிற வேலைக்கு யாரும் லீவு விட்டதில்லை. ஆரணியிலும் நான் குடியிருந்தது மில்கள் பக்கம், தறிகள் பக்கம் இல்லை. நான் அவனிடம் ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேட்டேன், அவனும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் பதில் சொன்னான். தேதிக் கணக்கை எழுதும்போது அமாவாசையைத் தள்ளி எழுதியிருக்கிறான், அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தபோதும் அவன் விரல் அமாவாசையைத் தானாகத் தாண்டியிருக்கிறது. நான் ஒன்று எதிர்பார்த்தேன், அவன் ஒன்று எழுதினான், நாலு நாளுக்குள் அமாவாசை விழும்போதெல்லாம் சோதனை கத்தியிருக்கிறது. அது பொய் சொல்லவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி எண்ணவில்லை என்ற உண்மையைத்தான் மாசாமாசம் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிம்மதியும் வந்தது. அதோடு போனை வைத்திருப்பேன், ஆனால் கேள்வி கேட்பது எனக்கு ஒரு வியாதி.

"அமாவாசை என்னைக்குன்னு வெப்சைட்டுக்கு எப்படித் தெரியும்?"

"காலண்டரப் பாத்து நான்தான்க்கா ஒவ்வொண்ணா போட்டு வெச்சேன்."

"எதுவரைக்கும் போட்டிருக்க?"

"டிசம்பர் வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"புது வருஷக் காலண்டர் இன்னும் வரலியேக்கா. டிசம்பர் கடைசிலதான கடையில குடுப்பாங்க? வந்ததும் போட்டுக்கலாம்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். எனக்கும் அவனுக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. தை மாசக் கல்யாணத்துக்கு வெளியூர்க் கடைகள் இப்போதே ஆர்டர் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அதெல்லாம் பாவு போடுவதிலிருந்து ஆரம்பிக்கிற பெரிய ஆர்டர், தேதி ஜனவரிக்குள் போய் விழும். ஜனவரியில் எங்கள் வெப்சைட்டுக்கு அமாவாசையே கிடையாது. ஊரில் ஒரு தறிகூட ஓடாத நாளையும் வேலை நாளாகக் கணக்கு வைத்து அது வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"முதலாளிகிட்ட சொல்லிடு. இப்பவே சொல்லு. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம், சிவப்பு ஏன் வந்துச்சுன்னு மட்டும் சொல்லு" என்றேன். அவன் சொல்கிறேன் என்றான். எனக்குப் பாவமாக இருந்தது. நல்ல பிள்ளை, காலண்டருக்குக் காத்திருந்ததைத் தவிர அவன் செய்த தப்பு ஒன்றுமில்லை.

பிறகு நடந்ததை அவனே போனில் சொன்னான். கீழ்க் கடையில் பஞ்சாங்கம் இருந்திருக்கிறது. பஞ்சாங்கம் தமிழ் வருஷத்துக்கானது, பங்குனி வரை எல்லா அமாவாசையும் அதில் உண்டு. அதைப் பார்த்து மீதியைப் போட்டார்கள். ஜனவரிக்கு வாங்கிய ஆர்டர்களையெல்லாம் எடுத்து, முதலாளி ஒவ்வொரு கடைக்காரராகக் கூப்பிட்டுத் தேதி ஒரு நாள் தள்ளும் என்று சொன்னார். சேலத்துக்காரர் ஒருவர் மட்டும் கத்தினாராம். மற்றவர்கள், இப்போதே சொன்னீர்களே அது போதும் என்று விட்டுவிட்டார்கள். நிறுத்திவைத்த தேதி சோதனையை டெவலப்பர் திருத்தி எழுதி, அடுத்த வருஷத்து அமாவாசை ஒன்றையும் அதில் சேர்த்து மறுபடி ஓடவிட்டான். கேட்டுக்கொண்டேன். என் வேலையைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து முதலாளி கூப்பிட்டார். மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மரத்தடியில் நின்றபடியே எடுத்தேன்.

"கொழந்தை நல்லா இருக்குதாம்மா?"

"நல்லா இருக்குதுங்க சார்."

"அந்த வேலூர் ஆள வரவேணாம்னு சொல்லிட்டேன்."

மகளை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நாங்க ரெண்டு பேரும் அந்தச் செவப்பப் பாத்துகினேதான் இருந்தோம். எனக்கு நிறுத்தத்தான் தோணிச்சு. நீங்க அங்கருந்துகினே ஏன்னு கேட்டீங்க, பையன் எல்லாம் சொன்னான். நீங்க இல்லாம ஓடணும்னு சொன்னேன் இல்ல? அது ஓடுதும்மா. ஆனா அது சொல்றத கேக்க நீங்க வேணும்."

"சரிங்க சார்" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவுதான் வந்தது.

"பொங்கல் முடிஞ்சதும் வாங்க. ஜல்தி ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, பின் ரூம்ல உத்தரத்துல ஒரு கொக்கி போட்டிருக்கேன். தொட்டில் கட்டறதுக்கு. பழைய கட்டடமாச்சே, தாங்குமோ தாங்காதோன்னு டெஸ்டு பண்ண சொன்னான் அந்தப் பையன். நானே தொங்கிப் பாத்துட்டேன். தாங்குது. பொடவ மட்டும் நீங்க எடுத்துகினு வாங்க."

முதலாளி கனத்த உடம்புக்காரர். மாடி ஏறி வந்தாலே மூச்சு வாங்கி ஐந்து நிமிஷம் பேச மாட்டார். அவர் ஒரு ஸ்டூலில் ஏறி, அதைவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு என் மகளுக்காக உத்தரத்தில் தொங்கியிருக்கிறார். போனை வைத்த பிறகும் நான் அங்கேயே நின்று சிரித்தேன், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு அம்மா வெளியே வந்தாள். உன் பழைய பருத்திப் புடவை ஒன்று வேண்டும், கொஞ்சம் கெட்டியாகப் பார்த்து எடுத்து வை என்றேன்.